10 வீலா, 12 வீலா? டிப்பர் வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிப்பர் வாங்க நினைக்கும் பலர் ஷோரூமுக்குப் போகும் முன் பட்டறைக்குத்தான் வருகிறார்கள். சங்ககிரி, திருச்செங்கோடு, கரூர் பக்கத்துக் குவாரி வண்டிகளோடு பழகும் எனக்கு அவர்களுடைய சந்தேகங்கள் மனப்பாடமாகிவிட்டன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். என்ன சரக்கு, எந்தப் பாதை, எவ்வளவு எடை என்ற மூன்றையும் முடிவு செய்த பிறகுதான் வண்டியின் பெயரைப் பேச வேண்டும் என்பது என் கருத்து. பதில்கள் எல்லாம் அந்த வரிசையில்தான் போகும்.

1. "2825, 3525ன்னு வண்டி பேர்ல நம்பர் போடுறாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்ண்ணே?"

முதல் இரண்டு எண்கள் வண்டியின் மொத்த எடையை டன் கணக்கில் சொல்கின்றன. கடைசி இரண்டு எண்களைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய எஞ்சினின் குதிரைத்திறன் கிடைக்கும். 2825 என்றால் 28 டன், 250 எச்.பி. 3525 என்றால் 35 டன், 250 எச்.பி. டாடாவில் பின்னால் வரும் 'கே' டிப்பரையும், பாரத்பென்ஸில் வரும் 'சி' கட்டுமான வண்டியையும் குறிக்கும்.

பழைய வண்டிகளில் 2518, 2523, 3118 என்று பார்த்திருப்பீர்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்திய பிறகு 25 இருந்த இடத்தில் 28-ம், 31 இருந்த இடத்தில் 35-ம் வந்தன.

2. "10 வீல், 6×4ன்னு ரெண்டு விதமா சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?"

டிப்பரைப் பொறுத்தவரை ஒன்றுதான். 6×4 என்பதில் ஜோடி டயரை ஒரு சக்கரமாகவே எண்ணுவார்கள். மொத்தம் ஆறு சக்கர இடங்கள், அதில் நான்குக்கு எஞ்சின் சக்தி போகிறது. டயராக எண்ணினால் முன்னால் 2, பின்னால் 8, ஆக 10. 8×4 என்றால் முன்னால் திரும்பும் அச்சு இரண்டு, பின்னால் இழுக்கும் அச்சு இரண்டு, மொத்தம் 12 டயர். 10×4 என்றால் 16 டயர். 2020-ல் டாடா கொண்டுவந்த சிக்னா 4825.டிகே அப்படிப்பட்ட 16 வீல் டிப்பர். மொத்த எடை 47.5 டன்.

எத்தனை டயர் இருந்தாலும் இந்த மூன்றிலும் எஞ்சின் இழுப்பது பின்னால் உள்ள இரண்டு அச்சுகளை மட்டுமே. இதை நினைவில் வையுங்கள், 12-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

3. "28 டன் வண்டின்னா 28 டன் ஜல்லி ஏத்தலாம்ல?"

ஏற்றக் கூடாது. 28 டன் என்பது சேஸிஸ், கேபின், பாக்ஸ், அதைத் தூக்கும் ஜாக்கி, டீசல், டிரைவர், சரக்கு எல்லாம் சேர்ந்த எடை. 10 வீல் டிப்பர் பாடி கட்டி முடித்ததும் வெறும் வண்டியே 12 டன் பக்கம் நிற்கும். ஆக சரக்குக்கு மிஞ்சுவது 16 டன். 12 வீல் காலியாக 14 டன் என்று வைத்தால் 35-ல் மிஞ்சுவது 21 டன். கனமான பாடி போட்டால் அந்த அளவுக்கு இது குறையும்.

28-ம் 35-ம் அச்சுக் கணக்கிலிருந்து வந்தவை. இரண்டு டயர் உள்ள முன் அச்சுக்கு 7 டன், எட்டு டயர் உள்ள பின் இரட்டை அச்சுக்கு 21 டன் வரம்பு. 7-ம் 21-ம் 28. முன்னால் இன்னொரு அச்சு சேர்ந்தால் 35. 2018-க்கு முன் இந்த வரம்புகள் 6 டன்னும் 19 டன்னுமாக இருந்தன.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: உங்கள் ஆர்.சி.யில் என்ன எடை எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் வரம்பு. பக்கத்தில் நிற்கும் புது வண்டியின் எடை உங்களுக்குப் பொருந்தாது.

4. "டன்னெல்லாம் வேண்டாம், யூனிட் கணக்குல சொல்லுங்க. 10 வீல்ல எத்தனை யூனிட் போகும்?"

ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். முக்கால் இன்ச் ஜல்லி ஒரு யூனிட் ஏறக்குறைய 4.2 முதல் 4.5 டன் வரும். எம்-சாண்ட் 4.5 முதல் 5 டன். கிரஷரில் கழுவி ஈரத்தோடு ஏற்றினால் அதற்கும் மேலே போகும்.

முந்தைய பதிலில் சொன்ன 16 டன்னை இதனால் வகுத்துப் பாருங்கள். 10 வீலில் ஜல்லி மூன்றே முக்கால் யூனிட், எம்-சாண்ட் மூன்றேகால் யூனிட். 12 வீலில் எம்-சாண்ட் நாலேகால், நாலரை. பலருக்கு இதைக் கேட்டதும் முகம் மாறிவிடும், ஏனென்றால் ஆறு யூனிட் போகும் என்ற நம்பிக்கையில்தான் கடன் கணக்கையே போட்டு வைத்திருப்பார்கள்.

5. "பாக்ஸ் பெருசா கட்டிக்கிட்டா நல்லதுதானே?"

சரக்கு எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்தது. 16 கன மீட்டர் பாக்ஸில் எம்-சாண்டை மட்டமாக நிரப்பினால் 27 டன் வந்துவிடும். அதே பாக்ஸில் நிலக்கரி நிரப்பினால் 13, 14 டன்தான். தூத்துக்குடி, எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரியோ சாம்பலோ ஓட்டுகிறவருக்குப் பெரிய பாக்ஸ் வேண்டும். ஜல்லி, எம்-சாண்ட் ஓட்டுகிறவருக்கு அதே பாக்ஸ் பாதி காலியாகத்தான் போக வேண்டும். மேலே சொன்ன 16 வீல் டாடாவுக்கு 29 கன மீட்டர் பாக்ஸ் உண்டு. அதில் மணலை நிரப்பினால் மணல் மட்டுமே வண்டியின் மொத்த அனுமதி எடையைத் தாண்டிவிடும்.

பாறை ஏற்றுவதற்கு ராக் பாடி என்று தனி வடிவம் இருக்கிறது. பின்கதவு இருக்காது, தளம் பின்பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கும், தகடு தடிமனாக இருக்கும். பாக்ஸ் பாடியில் பாறை கொட்டினால் சில மாதங்களில் தளம் குழி விழுந்துவிடும். இரண்டையும் ஒரே வண்டியில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஹார்டாக்ஸ் மாதிரி தேய்மானம் தாங்கும் எஃகில் பாடி கட்டலாம். சாதாரணத் தகட்டைவிட மெல்லியதாகப் போட்டாலும் தாங்கும், வெறும் வண்டி எடை குறையும், அந்த எடைக்குக் கூடுதலாகச் சரக்கு ஏற்றலாம். விலை அதிகம்தான். தினமும் பல நடை அடிக்கிறவர்களுக்கு அது திரும்பி வரும்.

பதிவுக்குப் பிறகு சைடு பலகையை உயர்த்துவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் அனுமதியில்லாத மாற்றம். எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனைக்கு முன்னால் கழற்றி, பின்னால் மாட்டுவதைப் பார்க்கிறேன். அந்தப் பலகையின் எடையும் அதில் ஏறும் சரக்கும் வண்டியின் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்குகின்றன. வளைவில் கவிழும் வண்டிகளுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

6. "எச்.பி. கூட இருந்தா குவாரி மேடு ஈசியா ஏறும், சரியா?"

பாதி சரி. மேட்டில் வண்டியை நகர்த்துவது டார்க், அதாவது எஞ்சினின் சுழற்று விசை. அதைச் சக்கரத்துக்குப் பெருக்கிக் கொடுப்பது கியரும் பின் அச்சு விகிதமும். எச்.பி. சொல்வது அந்த மேட்டை எவ்வளவு வேகத்தில் ஏறலாம் என்பதை. 250 எச்.பி. எஞ்சினை 28 டன் வண்டியில் வைத்தால் ஒரு டன்னுக்கு ஒன்பது எச்.பி. அதையே 35 டன்னில் வைத்தால் ஏழு, 47.5 டன்னில் ஐந்தேகால். மூன்றும் சட்டப்படியான எடையோடு மேடு ஏறத்தான் செய்யும், ஆனால் கடைசி வண்டி ஊர்ந்துதான் ஏறும். பின்னால் வரும் வண்டிகளும் அதோடு ஊர வேண்டும்.

மேட்டைவிட மண்தான் பெரிய எதிரி. 28 டன் வண்டி பத்தடிக்கு ஓரடி ஏறும் பாதையில் போகும்போது அதைப் பின்னால் இழுக்கும் விசை 2.8 டன். நல்ல தார் ரோட்டில் சக்கரம் உருளுவதற்கான எதிர்ப்பு எடையில் நூற்றில் ஒரு பங்குதான். இளகிய மண்ணில் அது ஐந்து பங்காகும். சக்கரம் ஆழமாக அமுங்கும் சேற்றில் பத்து பங்கைத் தாண்டும். அதாவது, மழைக்குப் பின் சேறான சமதளத்தில் ஓடும் எஞ்சினுக்குப் பத்துக்கு ஒன்று மேடு ஏறுகிற அதே பாடு.

ஆகவே எச்.பி.க்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் உங்கள் குவாரிப் பாதையை நடந்து பாருங்கள். ஒரு கிரேடரும் தண்ணீர் லாரியும் வைத்துப் பாதையைப் பராமரிக்கிற குவாரியில் 250 எச்.பி. நிறைவாக ஓடும். பராமரிக்காத குவாரியில் 300-ம் திணறும்.

7. "ஹப் ரிடக்‌ஷன் அச்சு கட்டாயம் வேணுமா?"

சாதாரண அச்சில் வேகக் குறைப்பு முழுவதும் நடுவில் இருக்கும் கிரௌன்-பினியன் பல்சக்கரங்களில் நடக்கிறது. அதனால் பெருகிய டார்க் முழுவதும் ஆக்சில் ஷாஃப்ட் வழியாகப் போக வேண்டும். ஹப் ரிடக்‌ஷனில் கடைசிக் குறைப்பு சக்கர ஹப்புக்குள் உள்ள பல்சக்கரங்களில் நடக்கும். ஷாஃப்டுக்குப் பாரம் குறையும், நடுவில் அந்தப் பல்சக்கரங்களை மூடியிருக்கும் பானையும் சிறியதாகி, தரையிலிருந்து உயரம் கூடும். பாறைக் குவாரி, சுரங்கம், அணை வேலை என்றால் இதற்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் எண்ணெய் மாற்ற வேண்டிய இடங்கள் அதிகம், உராய்வும் சற்று அதிகம். முழுக்கத் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது வீண் செலவு.

அச்சு விகிதத்திலும் இதே யோசனைதான். பெரிய விகிதம் இழுவைக்கு, சிறியது வேகத்துக்கும் மைலேஜுக்கும். டிப்பர்களுக்கு வேகக்கட்டுப்பாட்டுக் கருவி 60 கிலோமீட்டரில் வைக்கப்படுவதால் ஓட்டம் பிடிக்க வேண்டும் என்று மிகச் சிறிய விகிதத்தைத் தேடத் தேவையில்லை.

8. "டிஃப் லாக் போட்டா அச்சு உடையும்னு டிரைவர் சொல்றாரு. நிஜமா?"

டிஃப் லாக் என்பது அச்சின் இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு. தவறாகப் போட்டால் உடையும். சேற்றில் இறங்கும் முன்பே, வண்டி நின்ற நிலையில் அல்லது ஊர்கிற வேகத்தில் போட வேண்டும். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது போடக் கூடாது. கெட்டித் தரைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும், போட்டபடி வளைக்கக் கூடாது. இவ்வளவுதான்.

9. "எந்தக் கம்பெனிண்ணே நல்லது? சுத்தி வளைக்காம ஒரே பேரு சொல்லுங்க."

ஒரே பெயரைச் சொன்னால் அது உங்களுக்கு உதவாது. நான் ஒப்பிடும் விதத்தைச் சொல்கிறேன். அசோக் லேலண்ட் 1948-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி, எண்ணூரிலும் ஓசூரிலும் ஆலைகள் உண்டு. நம் பக்கத்துச் சின்ன ஊரில்கூட அதன் பாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார். டாடாவும் அப்படித்தான், வடமாநில வேலைக்கு வண்டியை அனுப்புகிறவருக்கு அதன் பரவல் பெரிய பலம். சிக்னா, ப்ரைமா என்ற இரண்டு வரிசையில் ப்ரைமா கேபினும் எஞ்சினும் ஒரு படி மேல். பாரத்பென்ஸ் 2012 முதல் ஒரகடத்தில் தயாராகிறது, குவாரிக்காரர்கள் அதன் சேஸிஸையும் இழுவையையும் பாராட்டுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். ஐஷர் டிப்பர்கள் வோல்வோவும் ஐஷரும் 2008-ல் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்துடையவை. மஹிந்திராவின் பிளேஸோவும் இந்தப் போட்டியில் இருக்கிறது.

வோல்வோ எஃப்.எம்.எக்ஸ் வேறு தரம். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொஸ்கோட்டையில் 1998 முதல் வோல்வோ லாரிகள் தயாராகின்றன. பெரிய சுரங்கத்தில், இரவு பகலாக, சர்வீஸ் ஒப்பந்தத்தோடு ஓடும்போதுதான் அதன் விலை நியாயமாகிறது. ஒரே ஒரு வண்டி வைத்து ஜல்லி அடிக்கப் போகிறவர் அதைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

என் தீர்ப்பு இது: உங்கள் வேலை நடக்கும் இடத்திலிருந்து எந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கிறதோ, அதில் பாதிப் பட்டியல் முடிந்துவிட்டது. அந்த சர்வீஸ் சென்டருக்கு ஒரு வேலை நாளில் போய் வாசலில் நிற்கும் வண்டிகளின் டிரைவர்களிடம் எத்தனை நாளாக நிற்கிறீர்கள், எந்தப் பாகத்துக்காக என்று கேளுங்கள். விற்பனையாளர் சொல்லாத விஷயம் அங்கே கிடைக்கும்.

10. "பி.எஸ்-6 வண்டி குவாரிக்கு ஒத்துவராதுன்னு சொல்றாங்களே?"

2020 ஏப்ரல் 1 முதல் புதிதாக விற்பதெல்லாம் பி.எஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான வண்டிதான், ஆகவே இதோடு வாழப் பழகத்தான் வேண்டும். ஒத்துவராது என்பதைவிட, பழைய வண்டி மாதிரி நடத்தினால் மக்கர் செய்யும் என்பதே சரி. சைலன்சரில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. புகை நன்றாகச் சூடாகும்போது அந்தக் கரி எரிந்து போகும். நெடுஞ்சாலையில் அது தானாக நடக்கும். குவாரிக்குள் அரை கிலோமீட்டர் ஓடி, சரக்கை அள்ளிப்போடும் ஹிட்டாச்சிக்காக எஞ்சினை ஓடவிட்டபடி நின்று, மறுபடி அரை கிலோமீட்டர் ஓடினால் சூடு ஏறாது, கரி சேரும். டேஷ்போர்டில் விளக்கு எரிந்ததும் வண்டியைக் காய்ந்த புல், சருகு இல்லாத இடத்தில் நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி சுத்திகரிப்பை ஓடவிட வேண்டும். விளக்கை மதிக்காமல் நாள் கணக்கில் ஓட்டுகிறவர்கள்தான் வடிகட்டியையே மாற்றும் செலவுக்கு ஆளாகிறார்கள். நிற்கும் நேரத்தில் எஞ்சினை அணைப்பது டீசலையும் மிச்சப்படுத்தும், கரியையும் குறைக்கும்.

அடுத்தது, புகையில் உள்ள நச்சு வாயுவைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் ஆட்ப்ளூ. அது 32.5 சதவீத யூரியாவும் கனிமம் நீக்கிய தண்ணீரும் கலந்த கரைசல். உரக்கடை யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அந்த உப்புகள் வினையூக்கியைக் கெடுத்துவிடும். டீசல் செலவில் நூற்றுக்கு நாலைந்து லிட்டர் ஆட்ப்ளூ என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரை ஏமாற்றும் கருவி மாட்டித் தருகிறேன் என்று சொல்பவரைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். அது சட்ட விரோதம், அப்புறம் வாரண்டியும் போய்விடும்.

11. "மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?"

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை வைத்து இரண்டு டிப்பர்களை ஒப்பிட முடியாது. ஒரு டன் சரக்கை இறக்க எத்தனை லிட்டர் ஆனது என்று பாருங்கள். ஓர் உதாரணம்: போக 40, வர 40 கிலோமீட்டர். 10 வீல் சராசரி 4 கொடுத்தால் 20 லிட்டர், 16 டன்னுக்கு வகுத்தால் டன்னுக்கு 1.25 லிட்டர். 12 வீல் 3.4 தான் கொடுக்கிறது என்று வையுங்கள். 23.5 லிட்டர், 21 டன்னுக்கு வகுத்தால் 1.12. மைலேஜ் குறைவாகத் தெரிந்த வண்டி உண்மையில் பத்தில் ஒரு பங்கு டீசலை மிச்சப்படுத்துகிறது.

குவாரிக்குள்ளேயே ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கே உதவாது. மணிக்கு எத்தனை லிட்டர் என்று எழுதி வையுங்கள்.

12. "அப்போ பேசாம 12 வீலே வாங்கிடலாமே?"

தார் ரோடு நீளமாக இருந்தால் வாங்கலாம். ஆனால் ஈரமான இடத்தில் கணக்கு மாறும். 10 வீலில் முழு எடை 28 டன்னில் 21 டன், அதாவது முக்கால் பங்கு, இழுக்கும் சக்கரங்களின் மேல் இருக்கிறது. 12 வீலில் 35-க்கு 21, ஐந்தில் மூன்று பங்கு. 16 வீலில் பாதிகூட இல்லை. இழுக்கும் சக்கரத்தின் மேல் எடை குறையக் குறைய அது சேற்றில் வழுக்கும். ஏரி வண்டல் அள்ளும் வேலைக்கு 16 வீலை இறக்கினால், வெளியே எடுக்க ஹிட்டாச்சியைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

இடமும் பாருங்கள். நகரத்துக்குள் அடித்தளம் தோண்டிய மண்ணை வெளியேற்றும் வேலையில் தெரு குறுகல், திரும்ப இடமில்லை, பகலில் கனரக வண்டிக்குத் தடை நேரம் வேறு. அங்கே 10 வீல், சில சமயம் 6 வீல்கூடப் போதும். நெடுஞ்சாலை விரிவாக்கம், அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஓட்டம் மாதிரி ஒரே தடத்தில் நாள் முழுக்க ஓடும் வேலைக்கு 12 வீல் நல்லது. ஏற்றும் இடத்தில் வரிசை நீளமாக இருந்தாலும் பெரிய வண்டிக்குத்தான் லாபம், காத்திருக்கும் ஒவ்வொரு முறைக்கும் அதிக டன் கிடைக்கிறது.

13. "டயர் நைலானா, ரேடியலா?"

தார் ரோடு அதிகம் என்றால் ரேடியல். சூடு குறைவு, டீசல் மிச்சம், ரீட்ரெட் நன்றாக ஏற்கும். கூரான கருங்கல் ஜல்லிப் பாதை என்றால் ரேடியலின் பக்கச்சுவர் கிழிய வாய்ப்பு அதிகம், அதனால்தான் குவாரிகளில் நைலான் இன்னும் ஓடுகிறது. இரண்டையும் ஒரே அச்சில் கலக்காதீர்கள். வாரம் ஒருமுறை காற்றழுத்தம் பாருங்கள், ஜோடி டயரில் ஒன்று இறங்கினால் மற்றது இரண்டு பேர் பாரத்தையும் சுமந்து சூடாகி வெடிக்கும்.

14. "டிப்பருக்குப் பதிலா டிரான்சிட் மிக்சர் வாங்கினா நிலையான வருமானம்ங்கிறாங்க?"

ஆர்.எம்.சி. (ரெடிமிக்ஸ் கான்கிரீட்) பிளான்டோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் மட்டும். கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2.4 டன். 6 கன மீட்டர் என்றால் 14.4 டன், அதை 10 வீல் தாங்கும். 8 கன மீட்டர் என்றால் 19 டன்னுக்கு மேல், 12 வீல் வேண்டும். டிரம்மைச் சுற்ற வண்டி எஞ்சினிலிருந்தே சக்தி எடுக்கும் வகையும், தனி எஞ்சின் வைத்த வகையும் உண்டு. தனி எஞ்சினுக்குத் தனிப் பராமரிப்பு, ஆனால் வண்டி வழியில் நின்றாலும் டிரம் சுற்றும், கான்கிரீட் உள்ளே இறுகாது. வேலை நின்றால் டிப்பருக்கு வேறு சரக்கு தேடலாம், மிக்சருக்கு வேறு வேலையே கிடையாது.

15. "ஏசி கேபின் டிரைவருக்கு எதுக்கு? கண்ணாடியத் திறந்து விட்டா போதாதா?"

கிரஷர் தூசியில் கண்ணாடியைத் திறந்து வைத்து ஓட்டுகிறவர் நாள் முழுக்கப் பாறைத்தூளைச் சுவாசிக்கிறார். அது நுரையீரலைக் கெடுக்கும் தூள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக சரக்கு வண்டிகளுக்கு ஏசி கேபினை அரசே கட்டாயமாக்கிவிட்டது. பழைய வண்டியிலும் கேபின் ரப்பர் பீடிங்கையாவது சரியாக வைத்திருங்கள்.

16. "டிரெய்லர் டிப்பர் எடுத்தா ஒரே நடையில நிறைய போகுமே?"

போகும். 55 டன் வரை மொத்த எடை உள்ள டிராக்டர்-டிரெய்லர்கள் இருக்கின்றன. நீண்ட நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு, கெட்டியான சமதளத்தில் கொட்டுவதற்கு அது சரி. ஆனால் நீளமான பாடி உயரத் தூக்கி நிற்கும்போது தரை ஒரு பக்கம் சிறிது சரிந்தாலும், ஈர மணல் மேலே ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டாலும் சாய்ந்துவிடும். புதிதாக மண் நிரப்பிய சைட்டுக்கு டிரெய்லரை அனுப்பாதீர்கள்.

எந்த டிப்பருக்கும் பொருந்தும் மூன்று விஷயங்கள்: தூக்கும் முன் மேலே மின்கம்பி பாருங்கள். தூக்கிய பாடிக்குக் கீழே வேலை செய்யும்போது தாங்கு கட்டையைப் போடாமல் தலையை நுழைக்காதீர்கள், ஜாக்கியை மட்டும் நம்பிப் போன உயிர்கள் உண்டு. கொட்டி முடித்ததும், ஜாக்கிக்கு எஞ்சின் சக்தியைக் கொடுக்கும் பி.டி.ஓ.வை எடுத்துவிட்டதை உறுதி செய்யுங்கள், இல்லாவிட்டால் ஓடும்போதே பாடி எழும்பி மேம்பாலத்தில் மோதும்.

17. "செகண்ட்ஸ் வண்டியில எதைப் பாக்கணும்?"

பெயின்டைப் பார்க்காதீர்கள். கேபினுக்குப் பின்னாலும், பாடி கீல் இருக்கும் கடைசிப் பகுதியிலும் சேஸிஸில் விரிசலோ வெல்டிங் தடமோ இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். சேஸிஸின் மேல்-கீழ் விளிம்பில் வெல்டிங் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலிப் பாடியைப் பாதி உயரம் தூக்கி, பக்கத்தில் யாரும் இல்லாமல் கால் மணி நேரம் நிறுத்துங்கள், தானாக இறங்கினால் ஜாக்கியிலோ வால்விலோ கசிவு. ஸ்பிரிங் பட்டையில் கூடுதல் பட்டைகள் சேர்த்திருந்தால் அந்த வண்டி எப்படிப்பட்ட லோடு சுமந்தது என்று அதுவே சொல்லிவிடும். ஹப் ஓரம் எண்ணெய், முன் சக்கரம் திரும்பும் கிங் பின்னில் ஆட்டம், எண்ணெய் மூடியைத் திறந்தால் வரும் புகை, இவையும் பாருங்கள்.

காகிதத்தில் ஆர்.சி. எடை, வரி, ஃபைனான்ஸ் கடன் ரத்து, பரிவாஹன் தளத்தில் நிலுவை அபராதம். எட்டு வயதுக்கு மேலான வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குள் இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

18. "கரன்ட் டிப்பர் வருதாமே, காத்திருக்கலாமா?"

ஏற்கெனவே வந்துவிட்டது. கிரஷர் இயந்திரம் செய்யும் கோவை புரொப்பல் நிறுவனமே மின் டிப்பர்களைத் தயாரிக்கிறது. சரக்கோடு மேலிருந்து கீழே இறங்கி, காலியாக மேலே ஏறும் தடத்தில் இது அருமையாகப் பொருந்தும், இறங்கும்போது பிரேக்கிலேயே பேட்டரி ஏறிக்கொள்ளும். ஆழமான குவாரியில் அது தலைகீழ், சரக்கோடுதான் ஏற வேண்டும். சொந்தமாக உயர் அழுத்த மின் இணைப்பு உள்ள கிரஷர் உரிமையாளர் இப்போதே யோசிக்கலாம். ஊர் ஊராக வேலை தேடி ஓடும் தனி வண்டிக்காரருக்கு டீசலே தோது.

19. "எல்லாம் சரிண்ணே. சட்டப்படி மட்டும் ஏத்தினா டியூ கட்ட முடியுமா?"

இதைத்தான் எல்லோரும் கடைசியில், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நடைக்கு இவ்வளவு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாடகை பேசினால் முடியாது. எல்லோரும் அதிகமாக ஏற்றுவார்கள் என்ற கணக்கிலேயே அந்த வாடகை உருவானது. ஏற்ற ஏற்ற வாடகை இறங்கும், இறங்க இறங்க இன்னும் ஏற்ற வேண்டியிருக்கும். தனி வண்டிக்காரரின் தப்பு இதில் மிகக் குறைவு, ஆனால் அடி விழுவது அவருக்குத்தான்.

எட்டு டன் கூடுதலாகப் பிடிபட்டால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய், அதோடு டன்னுக்கு 2,000 வீதம் 16,000, ஆக 36,000. கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். பிடிபடாவிட்டாலும் செலவு நிற்காது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையில், ஏறக்குறைய அச்சு எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப சாலை சேதமாகிறது என்று கண்டார்கள். 20 சதவீதம் கூட ஏற்றினால் சாலைக்கு இரண்டு மடங்கு அடி. அந்தக் குழியில் விழப்போவதும் உங்கள் வண்டியின் பட்டையும் டயரும்தான். பிரேக்கும் ஆர்.சி. எடைக்குத்தான் வடிவமைக்கப்பட்டது, இறக்கத்தில் அது பிடிக்காமல் போனால் எதிரே வருகிறவர் என்ன செய்வார்?

ஆகவே நான் சொல்வது: வண்டி வாங்கும் முன் எடை மேடைச் சீட்டுப்படி டன்னுக்கு வாடகை தரும் வேலையைப் பிடியுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஒப்பந்தங்கள், சிமென்ட் ஆலைகள், பெரிய ஆர்.எம்.சி. நிறுவனங்கள் பலவற்றில் ஆர்.சி. எடைக்கு மேல் இருந்தால் வாசலிலேயே திருப்பிவிடுகிறார்கள், அங்கே எல்லோருக்கும் ஒரே விதி. 4-ஆம் பதிலில் உள்ள யூனிட்டை வைத்து மாத வரவை எழுதுங்கள். அதிலிருந்து டீசல், ஆட்ப்ளூ, டயர், டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாவற்றையும் கழியுங்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாத மாதங்களையும் கழியுங்கள். மிஞ்சுவது டியூவைவிடக் குறைவாக இருந்தால் புது வண்டிக்குப் போகாதீர்கள். 17-ஆம் பதிலில் சொன்னபடி பார்த்து எடுத்த ஒரு பழைய 10 வீலோடு, கடன் சிறியதாகத் தொடங்குங்கள். அந்தக் கணக்கை எழுதிய காகிதத்தோடு பட்டறைக்கு வந்தால் உட்கார்ந்து சேர்ந்தே பார்க்கலாம்.